சேற்றில் பிறந்த சாந்தமூர்த்தி

படக்கதைப் பூதமொன்று திரைக்கு வந்து பெற்றதும் இழந்ததும்: வள்ளூர்க் கழிவெளியிலிருந்து ஒரு பார்வை

எண்ணூர் நிலையத்தைக் கடந்து கும்மிடிப்பூண்டியை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்திருப்பவர்கள், அத்திப்பட்டுப் புதுநகர் வருவதற்குள், கொசஸ்தலையாற்றுப் பாலத்தின் மீது சில கண நேரம் ஒரு விசித்திரமான தரிசனத்தைப் பெறுகிறார்கள். ஒருபுறம் வானளாவிய புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும். அவற்றின் காலடியிலேயே, கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப நிறைவதும் வடிவதுமாய் இருக்கும் உவர்நீர்ப் பரப்பும், சேறும், அச்சேற்றிலே வேரூன்றி நிற்கும் அலையாத்திப் புதர்களும். நிலமென்றும் சொல்ல முடியாமல், நீரென்றும் சொல்ல முடியாமல், இரண்டின் இயல்பையும் தன்னகத்தே கொண்ட இத்தகைய இடங்களில்தான் பல தேசத்து மக்களும் தங்கள் பூதங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலே, லூயிசியானா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் அவ்வாறு குடியேற்றப்பட்ட படக்கதைப் பூதம் ஒன்றின் சரித்திரத்தையும், அது திரைக்கு வந்தபோது அடைந்த கதியையும், வள்ளூரின் கழிவெளியோரமாக நின்று அதை நோக்கும்போது நமக்குப் புலப்படும் உண்மையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓராண்டில் இரு பிறவிகள்

1971ஆம் ஆண்டில், இரண்டு மாத இடைவெளியில், இரண்டு சதுப்புநிலப் பூதங்கள் அமெரிக்கப் படக்கதை உலகில் அவதரித்தன. மார்வெல் நிறுவனத்தார் மே மாத இதழொன்றில் ‘மேன்-திங்’ என்னும் உருவத்தை அறிமுகப்படுத்தினார்கள், டி.சி. நிறுவனத்தார் ஜூலை மாத இதழொன்றில் ‘ஸ்வாம்ப் திங்’ என்னும் உருவத்தை வெளியிட்டார்கள். இவ்விரண்டுக்கும் மூதாதை இல்லாமலில்லை. 1940இல் தியோடர் ஸ்டர்ஜன் எழுதிய சிறுகதையொன்றில், காட்டில் மட்கிய எலும்புக்கூட்டைச் சுற்றி இலையும் சேறும் படிந்து உயிர்பெற்ற ஓர் உருவம் உலவியது; 1942இல் ‘ஹீப்’ என்னும் பெயரோடு அதே வமிசத்தைச் சேர்ந்த மற்றொன்று படக்கதையில் தோன்றியது. ஆயினும், அச்சத்தை மட்டுமே தந்துகொண்டிருந்த அந்த வமிசத்திலே சாந்தத்தைப் புகுத்திய பெருமை, எழுத்தாளர் லென் வெய்னையும் ஓவியர் பெர்னி ரைட்சனையும் சேரும்.

அவர்கள் முதலில் எழுதியது சில பக்கங்களே கொண்ட தனிக்கதை. நண்பன் என்று நம்பியவனால் வஞ்சிக்கப்பட்டு மாண்டுபோன ஒரு விஞ்ஞானி, சதுப்பு நிலத்தின் சேறும் பாசியுமாக எழுந்து வருகிறான். தன் மனைவியை மணந்துகொண்டிருக்கும் அந்த வஞ்சகன் அவளையும் கொல்ல முனையும் வேளையில் புகுந்து அவளைக் காப்பாற்றுகிறான். ஆனால் தான் யார் என்று சொல்ல அவனுக்குக் குரல் இல்லை, அவளோ அவனைக் கண்டு அலறுகிறாள். அவன் மீண்டும் சேற்றுக்குள் திரும்பிப் போகிறான். கதை இவ்வளவுதான். காப்பாற்றியவனே அஞ்சப்படுகிறான் என்னும் இந்த ஒரே துக்கம் வாசகர் உள்ளத்தைத் தொட்டது. மறு ஆண்டே, அதாவது 1972இல், அலெக் ஹாலண்ட் என்னும் புதிய நாயகனோடு அது தனிப் பத்திரிகையாக வளர்ந்தது. பயிர் வளர்ச்சிக்கான மருந்தொன்றைச் சதுப்பு நிலத்து ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஹாலண்ட், பகைவர் வைத்த வெடியால் எரிந்துகொண்டே ஓடிச் சேற்றில் விழுகிறான். விழுந்த இடத்திலிருந்து பூதம் எழுகிறது.

அதே 1972ஆம் ஆண்டில்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கி, ‘இரும்புக்கை மாயாவி’யை நம் வீட்டுச் சிறுவர்களின் கைகளில் கொண்டுவந்து சேர்த்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். இரும்பாலான கரமும் மறையும் சக்தியும் கொண்ட நாயகனை நாம் அன்றே உறவாடி வளர்த்தோம். சேற்றாலான கரம் கொண்ட நாயகனுக்குத்தான் நம்மிடையே இன்னும் இடம் கிடைக்கவில்லை.

மேன்-திங்கின் குணமோ வேறொரு வகையில் அதிசயமானது. டெட் சாலிஸ் என்னும் விஞ்ஞானி ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து அவ்வுருவம் எய்தியபின், அவனுக்குப் பேச்சும் இல்லை, சிந்தனையும் இல்லை. எதிரே நிற்பவரின் உள்ளத்து உணர்ச்சிகள் மட்டுமே அவனுக்குத் தெரிகின்றன. அன்போடு அணுகுபவரிடம் அவன் சாதுவாக நிற்பான். அச்சம் கொண்டு நிற்பவரை அவன் தொட்டால் அவர் உடல் எரிந்துபோகும். பூதம் கொடியதா சாதுவா என்பதைப் பூதம் தீர்மானிக்கவில்லை, அதைப் பார்க்கும் மனிதனே தீர்மானிக்கிறான் என்னும் இத்தத்துவத்தைக் கேளிக்கைக்கென்று அச்சிடப்பட்ட ஒரு மலிவுப் பத்திரிகை சொல்லிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

அங்கத்தை அறுத்துக் கண்ட ஞானம்

ஸ்வாம்ப் திங்கின் சரித்திரத்தில் பெரும் திருப்பம் 1984ஆம் ஆண்டில் நேர்ந்தது. இங்கிலாந்து தேசத்து எழுத்தாளர் ஆலன் மூர், ஸ்டீவ் பிஸெட், ஜான் டோட்டில்பென் ஆகிய ஓவியர்களோடு அக்கதையை ஏற்று, ‘உடற்கூற்றுப் பாடம்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஓர் அத்தியாயத்தை எழுதினார். செத்துப்போனதாகக் கருதப்பட்ட பூதத்தின் உடலைத் தாவரவியல் அறிஞனொருவன் அறுத்துப் பார்க்கிறான். நுரையீரல் போன்ற ஒன்று இருக்கிறது, அதில் காற்று ஓடுவதில்லை. இருதயம் போன்ற ஒன்று இருக்கிறது, அது துடிப்பதில்லை. எல்லாம் நாரும் வேரும் கிழங்குமாக, மனித அங்கங்களைப் பார்த்துச் செய்த பிரதிகளாக இருக்கின்றன. அப்போது அவனுக்கு உண்மை விளங்குகிறது: ஹாலண்ட் என்ற மனிதன் பூதமாக மாறவில்லை, ஹாலண்ட் அன்றே இறந்துவிட்டான், அவனுடைய நினைவுகளை உறிஞ்சிக்கொண்ட செடிகொடிகளே தம்மை மனிதன் என்று நம்பிக்கொண்டு இத்தனை நாள் நடமாடியிருக்கின்றன.

இந்த ஒரு கண்டுபிடிப்பால் கதையின் ஆதாரமே மாறிவிட்டது. அதுவரையில், பூதத்தின் உடலுக்குள் சிறைப்பட்ட மனிதன் என்றைக்காவது மீண்டு வருவானா என்பதே வாசகரின் ஏக்கமாக இருந்தது. இனி மீள்வதற்கு மனிதன் இல்லை. சதுப்பு நிலமே மனிதனின் அன்பையும் துக்கத்தையும் கற்றுக்கொண்டு எழுந்து நிற்கிறது. அதன் சாந்தம், நல்ல மனிதன் ஒருவனிடமிருந்து வாங்கிய கடன் அன்று. கோடானுகோடி உயிர்களைத் தன் மடியில் முளைக்கவும் மட்கவும் செய்யும் நிலத்தின் சுபாவமே அது. இந்த உண்மையை எந்தத் திரைப்படம் உணர்ந்ததோ அது கலையாக வாழ்ந்தது, எது உணரவில்லையோ அது கலையாக வீழ்ந்தது என்பதே, இந்தப் பூதத்தின் திரைச் சரித்திரத்தை ஆராய்ந்தபின் நமக்குக் கிட்டும் முடிவு.

அங்கிக்குள் சிறைப்பட்ட பூதம்

1982இல் வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்வாம்ப் திங்’ திரைப்படம் முதல் முயற்சி. தென் கரோலினா மாநிலத்தின் சைப்ரஸ் மரச் சதுப்புகளிலே, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். ஹாலண்டாக ரே வைஸும், பூதமாக டிக் டுராக்கும், வில்லனாக லூயி ஜூர்தானும், நாயகியாக அட்ரியன் பார்போவும் நடித்தார்கள். பூதத்தின் அங்கி மடிந்த இடங்களில் ரப்பர் ரப்பராகவே தெரிந்தது. நடிகரின் முகத்துத் தசைகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிப்போயின. எனினும் அப்படத்தில் ஒரு காட்சி என்றும் நினைக்கத்தக்கது. பகைவரால் தாக்குண்டு உயிர்போகும் நிலையில் கிடக்கும் சிறுவனொருவன்மீது பூதம் தன் பெரிய கரத்தை வைக்கிறது. அந்தக் கரத்திலிருந்து தாவரத்தின் உயிர்ச்சக்தி பாய்ந்து சிறுவன் கண் விழிக்கிறான். ஆட்களைத் தூக்கி எறிவதைக் காட்டிலும், ஒரு குழந்தையைத் தொடுவதிலேதான் அந்தப் பூதத்தின் பராக்கிரமம் அடங்கியிருக்கிறது என்பதைக் கிரேவன் அந்த ஒரு நிமிடத்தில் உணர்ந்துகொண்டார். ஆனால் படத்தின் முடிவிலே, வில்லனும் கோரவுருவம் பெற, இரண்டு பூதங்கள் நீரில் நின்று சண்டையிடுகின்றன. அங்கே கதை தன் உயரத்திலிருந்து இறங்கிவிட்டது.

1989இல் வந்த இரண்டாம் படம் முழுதும் நகைச்சுவையாயிற்று. 1990 முதல் 1993 வரை தொலைக்காட்சியில் 72 பாகங்களாக வந்த தொடரில் மீண்டும் டிக் டுராக்கே பூதமானார். பல ஆண்டுகள் அந்தக் கனத்த உருவத்தைச் சுமந்த அந்த நடிகரின் பொறுமையும் உழைப்பும் வணக்கத்துக்குரியவை. ஆனால் வாரந்தோறும் புதிய குற்றவாளி ஒருவன் சதுப்புக்கு வருவதும், பூதம் அவனைத் தண்டிப்பதுமாகக் கதை ஓடியபோது, சாந்தமூர்த்தி காவல்காரனாகிவிட்டது.

2019ஆம் ஆண்டின் தொடர் இவற்றில் மிகவும் கண்ணியமானது. வட கரோலினாவின் வில்மிங்டன் நகரத்தில், அரங்குக்குள்ளேயே நீரைத் தேக்கி, மரங்களை நட்டு, கொடிகளைப் படரவிட்டு ஒரு சதுப்பையே சிருஷ்டித்தார்கள். டெரிக் மியர்ஸ் அணிந்த அங்கியில் வேரின் முறுக்கும் பாசியின் ஈரமும் தெரிந்தன. ஒன்பதாம் பாகத்திலே, மூரின் அந்த அறுவைக் காட்சியையும் துணிந்து படமாக்கினார்கள்; தான் மனிதன் அன்று என்பதைப் பூதம் அறியும் தருணத்தில், அத்தனை ரப்பருக்கும் அப்பால் அந்த நடிகரின் கண்களில் தெரிந்த துயரம், இந்த வகைப் படைப்புகளில் காண்பதற்கு அரியது. ஆயினும் அதன் ஆயுள் நீளவில்லை: பதின்மூன்று பாகங்களாகத் திட்டமிட்டது படப்பிடிப்பின்போதே பத்தாகக் குறுக்கப்பட்டது. மே 31இல் முதல் பாகம் வெளிவர, ஒரு வாரத்துக்குள்ளேயே தொடர் நிறுத்தப்படும் என்னும் செய்தியும் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் டி.சி. நிறுவனத்தார் மீண்டும் இப்பூதத்தைத் திரைக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். ஐம்பதாண்டுக்கு மேலாகியும் ஒரு சேற்று உருவம் கலைஞர்களை உறங்கவிடாமல் அழைத்துக்கொண்டே இருக்கிறது.

பெயர் சொல்லி அழைத்ததும்

வெற்றி கிட்டியது எதிர்பாராத திசையிலிருந்து. 2022 அக்டோபரில், இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற மைக்கேல் ஜியாகினோ, பழைய பயங்கரப் படங்களின் பாணியிலே, பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாக, ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த ‘வேர்வுல்ஃப் பை நைட்’ என்னும் சிறு படத்தை இயக்கினார். வேட்டைக்காரர்கள் கூட்டமொன்று, பந்தயத்துக்காக ஒரு பூதத்தைப் பிடித்துவந்து தோட்டத்துக்குள் விட்டிருக்கிறது. அந்தப் பூதம் மேன்-திங். வேட்டைக்கு வந்தவர்போல் நடிக்கும் நாயகன், உண்மையில் அதை விடுவிக்க வந்த நண்பன். தோட்டத்தில் பூதத்தின் எதிரே அகப்பட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு அவன் முன்னரே சொல்லிவைத்த உபாயம், ஆயுதமோ மந்திரமோ அன்று. அதன் பெயர் டெட், அப்பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்பதுதான். அவள் அவ்வாறே அழைக்கிறாள். செவ்விழிகளும் வேர்த்தொங்கல்களுமாகக் கவிந்து நின்ற அந்த மலையனைய உருவம் அடங்கி நிற்கிறது.

இதில் விசேஷம் யாதெனில், பூதத்தின் தோற்றத்தை அவர்கள் சிறிதும் அழகுபடுத்தவில்லை. அது பேசுவதும் இல்லை. முனகலும் மூச்சுமே அதன் பாஷை. ஆயினும் பெயரொன்றும் நட்பொன்றும் கிடைத்த மாத்திரத்தில் பார்வையாளர் அனைவரும் அதன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். 2017இல் கியர்மோ டெல் டோரோ எடுத்து, அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படமும் இதையே வேறு விதமாகச் செய்தது. அங்கே, ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் சங்கிலியிட்ட நீர்மனிதனுக்கு, பேச முடியாத ஒரு துப்புரவுப் பெண் அவித்த முட்டையை நீட்டுகிறாள். உருவத்தை மாற்றிப் பூதத்தைச் சாதுவாக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் எதிரே நிற்கும் மனிதரின் கண்ணையும் கையையும் காட்டினால் போதும் என்னும் இரகசியத்தை இவ்விருவரும் அறிந்திருந்தார்கள்.

நம் திரை அறிந்த பெருந்தோற்றங்கள்

இவ்விரகசியம் நமக்குப் புதிதன்று. 1957இல் சென்னை விஜயா-வாகினி நிலையத்தார் தயாரிக்க, கே.வி. ரெட்டி இயக்கத்தில் வெளிவந்த ‘மாயா பஜா’ரில் கடோத்கஜனாக வந்த எஸ்.வி. ரங்காராவை மறந்தவர் யார்? அரக்கி மகன், மகா பலசாலி, மலைபோன்ற மேனி. ஆனால் கல்யாண வீட்டுப் பட்சணங்களைக் கண்டதும் குழந்தையாகிவிடுகிறான், லட்டுகள் தாமாக எழுந்து அவன் வாய்க்குள் போகின்றன, அரங்கம் முழுதும் அவனோடு சேர்ந்து மகிழ்கிறது. அவன் மணமகள் வத்சலாவின் உருவத்தை எடுத்துக்கொள்ளும்போது, சாவித்திரி தம் மெல்லிய உடலுக்குள் அரக்கனின் மிடுக்கை வைத்து நடித்துக் காட்டிய அற்புதம், கணினிச் சித்திரம் எதுவும் இல்லாத காலத்தில் நிகழ்ந்தது. 1967இல் ‘பட்டணத்தில் பூத’மாக வந்த ஜாவர் சீதாராமனும், ஜாடியிலிருந்து வெளிப்பட்ட அந்தப் பூதத்தை நம் வீட்டுப் பெரியவரைப்போல ஆக்கிவிட்டார்.

ஆக, பயங்கரத் தோற்றத்துக்குள் பரிவை வைத்துக் காட்டும் கலை தமிழ்த் திரைக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது, அல்லது தெரிந்தும் கைக்கொள்ளாதது, சதுப்பு நிலத்தைப் படமெடுக்கும் கலை. 1975இல் வந்த ‘இதயக்கனி’யில் பிச்சாவரத்துக் காடுகளின் நீர்வழிகளைக் கண்டு தமிழகமே வியந்தது உண்மை, ஆயினும் அந்த வனம் அங்கே நாயகனின் சாகசத்துக்கு வாய்த்த எழிலான பின்புலமாகவே நின்றது. கதையின் உயிர் அதற்குள்ளிருந்து எழவில்லை.

புலிநகம் பெற்ற முனிவர்

அந்தப் பிச்சாவரத்துக்கு அருகேதான் சிதம்பரம் இருக்கிறது. அத்தலத்தின் மரமான தில்லை, கழிமுகத்து உவர்ச்சேற்றில் வளரும் மரம். நடராஜப் பெருமான் ஆனந்தத் தாண்டவம் ஆடியதாக நம் முன்னோர் கண்ட வனம், சதுப்பு நில மரங்கள் அடர்ந்த தில்லைவனம். அவ்வனத்தில் இருந்து அத்தாண்டவத்தைத் தரிசித்தவராகப் புராணம் கூறும் இருவரில் பதஞ்சலி பாதி சர்ப்பம். மற்றவர் வியாக்கிரபாதர், புலிக்காலும் புலிக்கரமும் உடையவர்.

வியாக்கிரபாதர் அவ்வுருவத்தைப் பெற்ற காரணத்தைச் சற்றே நிதானித்துச் சிந்திக்க வேண்டும். வண்டு தீண்டாத மலர்களைப் பொழுது புலருமுன் பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டும் என்பது அவருடைய நியமம். இருளில் பூக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை; பனியில் நனைந்த மரங்களில் ஏறக் காலும் கையும் வழுக்குகின்றன. ஆகவே, புலியின் பாதங்களையும் நகங்களையும், இருளிலும் காணும் கண்களையும் அருளுமாறு அவர் வேண்டிக்கொண்டார், பெற்றார். வனத்திலேயே மிகக் கொடிய மிருகத்தின் நகங்களை ஒருவர் வரமாக வாங்கியது, யாரையும் கிழிப்பதற்கன்று, பூப் பறிப்பதற்கு! பயங்கர ரூபத்தையும் மென்மைச் செயலையும் இதனினும் நுட்பமாக இணைத்த கற்பனை உலகில் வேறெங்கேனும் உண்டோ என்று நான் வியக்கிறேன். லென் வெய்ன் எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழ்நாட்டுச் சதுப்புக் காடு தன் சாந்தமான விசித்திர உருவத்தைப் பெற்றெடுத்திருந்தது. அதைத் திரைக்குக் கொண்டுவர அமெரிக்காவிடம் கடன் கேட்க வேண்டியதில்லை.

வள்ளூரின் சேறு

அத்தகைய ஒரு கதை இன்று எங்கே நிகழ வேண்டும் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் வள்ளூரைச் சொல்வேன். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும் இந்த வட்டாரத்திலே, வடக்கே பழவேற்காடு ஏரிவரைக்கும் நீர்வழித் தொடர்பு நீள்கிறது. இங்கேதான் மத்திய அரசின் மின் நிறுவனமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம், 500 மெகாவாட் அலகுகள் மூன்றோடு நிற்கிறது. சுற்றிலும் வேறு மின்நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய்த் தொட்டிகள், ரசாயனத் தொழிற்சாலைகள். தலைநகரத்தின் விளக்குகள் எரிவதற்கு இந்தச் சேறு தன் மடியைக் கொடுத்திருக்கிறது.

வற்றத்தின்போது இக்கழிக்கு வந்து பாருங்கள். இருளர் குலத்துப் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு நீரில் இறங்கி, குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே மெல்ல நகர்கிறார்கள். பனையோலையால் முடைந்த பறியை வாயில் கவ்வியிருக்கிறார்கள், கைகள் இரண்டும் வேலைக்கு வேண்டும் அல்லவா? விரல்நுனியில் இறால் துள்ளும் அந்த இமைப்பொழுதிலே அதைப் பற்றிப் பறிக்குள் போடுகிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. சேற்றை அறிந்த விரல்கள் மட்டுமே உண்டு. கரையில் அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றைக் கீறிக்கொண்டு விரல் விரலாக மேல்நோக்கி நிற்கின்றன. காற்றில்லாத சேற்றுக்குள் புதைந்த வேர்களுக்காக அவை வெளியே வந்து சுவாசிக்கின்றன. மூர் தம் கற்பனையில் கண்ட, மூச்சுவிடும் நிலம் இதோ நம் கண்முன்னே இருக்கிறது. ஓவியர் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அந்த நிலத்தின் இன்றைய துயரத்தையும் மறைக்கலாகாது. அனல்மின் நிலையங்களில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரோடு கலந்து குழாய்கள் வழியே குட்டைகளுக்குச் செல்லுகையில், குழாய் உடைந்த போதெல்லாம் அந்தச் சாம்பற்குழம்பு கழியில் படிந்து இறுகியிருக்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் படகின் அடி தட்டுகிறது, காலை வைத்தால் களிமண்ணின் குளிர்ச்சி தெரியாமல் சாம்பலின் சொரசொரப்பு தெரிகிறது. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது. அதை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் புகுந்தபோதும், படகும் வலையும் அலையாத்தி இலையும் கறுத்துப்போக, அள்ளுவதற்கு இறங்கியவர்கள் கழியோரக் குப்பங்களின் மீனவர்களே.

இந்நிலத்துக்காகக் கலைஞர்கள் குரல் கொடுத்ததும் உண்டு. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாட’லை, எண்ணூர்க் கழிவெளியிலேயே நின்று பாட, இரதீந்திரன் பிரசாத் அதைப் படமாக்கினார். சாம்பல் படிந்த நிலத்தின்மேல் நின்று கர்நாடக இசை பாடப்பட்ட அந்தச் சில நிமிடங்கள், இவ்வட்டாரம் திரையில் எத்தகைய சக்தியோடு பேச வல்லது என்பதை நிரூபித்துவிட்டன. பாட்டு வந்தது, இனிக் கதை வர வேண்டும்.

எப்படி எடுக்க வேண்டும்?

அந்தக் கதையைப் படமாக்க முன்வருவோர்க்கு, மேலே கண்ட சரித்திரம் சில நெறிகளை உணர்த்துகிறது.

முதலாவது, படப்பிடிப்பின் காலத்தை ஏற்றவற்றத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை வடியும் கழியிலே, ஒரே இடம் காலையில் ஆறாகவும் பிற்பகலில் சேற்று வெளியாகவும் தோன்றும். அந்த மாறுதலே பூதத்தின் சுவாசம். அதை அரங்குக்குள் தொட்டி கட்டிச் செய்ய முயன்றால் பொருளும் போகும், உயிரும் போகும்.

இரண்டாவது, பூதத்துக்கு நீண்ட வசனம் எழுதலாகாது. ரங்காராவுக்குப் பேச்சு அழகு. சேற்றுருவத்துக்கு மௌனமே அழகு. அதன் உள்ளத்தை எதிரே நிற்பவர் முகத்தில்தான் நாம் படிக்க வேண்டும். அவர் விஞ்ஞானியாகவோ போலீஸ் அதிகாரியாகவோ இருப்பதைவிட, பறியைக் கவ்விக்கொண்டு நீரில் நிற்கும் இருளர் பெண்ணாக இருப்பதே பொருத்தம். சேற்றுக்குள் கைவிட அஞ்சாதவள் அந்த ஊரில் அவள்தான். சேற்றுக்குள் இருந்து இன்னொரு கை அவள் கையைப் பற்றினாலும், இறாலை அறிந்த அந்த விரல்கள் அதையும் அறிந்துகொள்ளும். இக்கழியின் மொழியையும் தொழிலையும் அறிந்த குப்பத்து மக்கள் கதை எழுதும் நாள்முதலே உடனிருந்தால், ஊர்ப்பேச்சும் உண்மையும் தாமாக வந்து சேரும்.

மூன்றாவது, முடிவில் சண்டை வேண்டாம். கிரேவனின் படம் சறுக்கிய இடம் அது. ஆலையைப் பூதம் இடித்துத் தள்ளுவதாகக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களும் வள்ளூரிலும் அத்திப்பட்டிலும் மீஞ்சூரிலும் குடியிருக்கும் நம் மக்கள்தாம். சேற்றின் தர்மம் பழிவாங்குவதன்று. ஏற்றுக்கொள்வதும், மட்கச் செய்வதும், மீண்டும் முளைப்பிப்பதும் அதன் தர்மம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது பிச்சாவரத்துக் காடுகள் தம் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது எவ்வாறு? அலையை எதிர்த்து அடித்தன்று. அதன் வேகத்தைத் தம் உடம்பில் வாங்கிக்கொண்டு. வள்ளூர்ப் பூதத்தின் வீரமும் அப்படிப்பட்டதாகவே இருக்க வேண்டும். பெருவெள்ளத்து இரவில் குப்பத்துக்கும் நீருக்கும் நடுவே அது நிற்பதைவிடப் பெரிய உச்சக்காட்சி வேறென்ன வேண்டும்?

ஒரு திரைப்படத்தால் ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள முடியாது என்பதை நான் அறிவேன். அதற்குச் சட்டமும், அரசும், ஆலைகளை நடத்துவோரின் பொறுப்பும், மக்களின் விழிப்பும் வேண்டும். ஆயினும் இந்தக் கழிவெளி இத்தனை காலம் சீரழிய விடப்பட்டதற்குக் காரணம், அதைக் கண்டவர்கள் அதில் உயிரைக் காணாததுதான். நாற்றமும் சேறும் முட்புதரும் என்று முகம் சுளித்த கண்களுக்கு, கொட்டிவைக்கும் இடமாகவே அது தோன்றியது. மேன்-திங்கின் கதை சொல்லும் உண்மை இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது: வெறுப்போடு பார்ப்பவனுக்கு அது பூதம், அன்போடு அணுகுபவனுக்கு அது துணைவன். கோரமான உருவம் ஒன்று குழந்தையைத் தூக்கிக் காப்பதைத் திரையில் கண்டு கண் கலங்கிய ஒருவன், மறுநாள் அதே சேற்றைப் பார்க்கும்போது பழைய வெறுப்போடு பார்க்க மாட்டான். கண் மாறினால் கையும் மாறும். கலையினால் ஆகக்கூடிய காரியம் அவ்வளவுதான். ஆனால் அது சிறிய காரியமன்று. கடோத்கஜனை நேசிக்கத் தெரிந்த தமிழ் இரசிகன் சேற்றின் பிள்ளையையும் நேசிப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பிள்ளையை அவன் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய கடமை நம் திரைக் கலைஞர்களைச் சார்ந்தது. அவர்கள் அதை வள்ளூரிலிருந்தே தொடங்கட்டும்.